திரையில் துளிர்க்கும் வனமும் வாசலில் கிடக்கும் குப்பையும்



சில மாதங்களுக்கு முன்பு பெங்களூரில் நமது சபை விசுவாசி ஒருவரின் வீட்டிற்கு ஜெபத்திற்காகச் சென்றிருந்தேன். அவர்களுடைய பன்னிரண்டு வயது மகன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்றே எண்ணினேன். கேட்டதோ மழைச் சத்தம்.

"என்ன தம்பி விளையாடுகிறாய்?" என்றேன்.

"டெர்ரா நில் பாஸ்டர் அங்கிள். பாழாய்ப்போன நிலத்தைக் காடாக்க வேண்டும்" என்றான்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2023ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டு அது. முதலில் மண்ணிலுள்ள நச்சை நீக்க வேண்டும். பின்பு புல், அதன் பின்பு காடு, நீர்நிலை, விலங்குகள். இறுதியில் தான் கட்டிய இயந்திரங்கள் அனைத்தையும் பிரித்தெடுத்துக்கொண்டு, ஒரு சுவடும் வைக்காமல் வெளியேற வேண்டும். கேட்டதும் மகிழ்ந்தேன்.

அவ்வேளையில் தாயார் அவனிடம் ஒரு கறுப்புப் பையைக் கொடுத்து, கீழே போட்டு வரச் சொன்னார்கள். மீந்த சோறு, பால் பாக்கெட், உடைந்த கண்ணாடி டம்ளர் எல்லாம் அதே பையில். பாழ்நிலத்தைக் காடாக்கிய அதே கைகள் அதைச் சுமந்து சென்றன.

பிரியமானவர்களே, நான் ஒன்றும் பேசவில்லை. அதற்கு முந்தின ஞாயிறன்று, நகரின் தூய்மைப் பணியில் இருக்கும் நமது சபைச் சகோதரி ஒருவர் கையில் கட்டுடன் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். "யாரோ வீட்டுச் சோற்றுக்குள் கண்ணாடி இருந்தது ஐயா" என்றார்கள். அந்தக் கைக்காக ஜெபித்தேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, நமது சபை ஆண்டு விழா விருந்தின் தட்டுகளையும் எலும்புகளையும் மீந்த உணவையும் ஒன்றாகக் கட்டித் தெருமுனையில் வைக்கச் சொன்னது நான்தான். என் இருதயம் என்னைக் குத்தியது.

நாம் கட்டி வெளியே வைக்கும் பை மாயமாய் மறைவதில்லை. பெங்களூரின் குப்பை பல ஆண்டுகள் மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்களில் கொட்டப்பட்டது. துர்நாற்றத்தையும் கெட்டுப்போன நிலத்தடி நீரையும் தாங்கமாட்டாமல் அந்த மக்கள் போராடினார்கள். மாவள்ளிபுராவில் 2012ஆம் ஆண்டும், மண்டூரில் 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் கொட்டுவது நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் வீடுகளில் குப்பையைப் பிரிக்க உத்தரவிட்டது: ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் கழிவுக்கு ஒரு பை.

விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சீனாவில் 2016ஆம் ஆண்டு அலிபே செயலியில் 'ஆன்ட் ஃபாரஸ்ட்' என்ற விளையாட்டு தொடங்கப்பட்டது. நடந்து சென்றாலும் பேருந்தில் சென்றாலும் திரையில் ஒரு மரம் வளரும். அது வளர்ந்து முடிந்ததும் வறண்ட நிலத்தில் மெய்யான மரம் ஒன்று நடப்படும். 2019ஆம் ஆண்டுக்குள் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் அவ்விதம் நடப்பட்டன. மறுபுறம், 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஃபார்ம்வில்லில் எத்தனையோ பேர் இரவில் விழித்திருந்து அறுவடை செய்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதி அது மூடப்பட்டது. ஒரு விதையும் மிஞ்சவில்லை. திரையில் கற்றது கைக்கு வருகிறதா என்பதே கேள்வி.

ஆதி மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை ஒரு தோட்டத்தைப் பராமரிப்பதே என்பதை நாம் அறிவோம். வாடகை வீட்டில் தோட்டம் ஏது என்கிறீர்களா? துளையிட்ட ஒரு மண்தொட்டி போதும். காய்கறித் தோலுடன் காய்ந்த இலையையோ தேங்காய் நார்த்தூளையோ கலந்து, அவ்வப்போது கிளறிவிடுங்கள். இரண்டு மாதத்திற்குள் எருவாகும். அதே கழிவு குப்பைமேட்டில் காற்றின்றிப் புதைந்தால் மீத்தேன் வாயுவாகிப் பூமியைச் சூடாக்கும்.

பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு வருகிறது. ஆகவே ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள். பழுதான கைபேசியை உடனே மாற்றாமல் பழுது பாருங்கள். ஒரு கைபேசியால் பூமிக்கு நேரும் பாதிப்பில் பெரும்பகுதி அதை உற்பத்தி செய்வதிலேயே உண்டாகிறது. உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, தனியே கையில் கொடுங்கள்.

நமது சபையில் இப்பொழுது எவர்சில்வர் தட்டுகள் வாங்கியிருக்கிறோம். விருந்து முடிந்ததும் வாலிபர்களோடு நானும் நின்று கழுவுகிறேன். அந்தச் சிறுவன் வீட்டுப் பால்கனியில் மண்தொட்டி வைத்திருக்கிறான். "விளையாட்டில் பத்து நிமிடத்தில் புல் முளைக்கிறது, இது இவ்வளவு நாள் ஆகிறதே அங்கிள்" என்று சலித்துக்கொண்டான். ஆனாலும் நாள்தோறும் கிளறுகிறான்.

சகோதரியின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. இன்றிரவு உங்கள் குப்பைப் பையின் வாயைக் கட்டும் முன், நாளைக் காலையில் அதை அவிழ்க்கப்போகும் கைகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.