முத்தியால்பேட்டையில் ஓர் ஆப்பிரிக்கப் புற்று

பந்து மலைப்பாம்பு வளர்ப்பதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பக்கம், பெட்டியை எப்படிச் சூடேற்றுவது என்பதிலேயே போய்விடும். அவர்கள் ஊர்க் குளிர் அப்படி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மே மாதம் மேற்குப் பார்த்த அறையில் நின்றவர்களுக்குத் தெரியும், இங்கே பாடு வேறு. எங்கள் வீட்டுப் பாம்புக்கு நான் அதிகமும் செய்வது சூட்டைத் தணிக்கிற வேலைதான்.

பாம்பு என் அக்கா மகன் வாங்கியது. பாண்டிச்சேரிப் பையன்கள் பலரையும் போல அவனும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரீசுக்குப் போய்விட்டான். "நீங்கதான் சயின்ஸ் டீச்சராச்சே சித்தி" என்று பாம்பை என்னிடம் விட்டான். ஃபார்மலின் ஜாடிக்குள் கிடந்த பாம்பைக் காட்டியே காலம் முழுக்கப் பாடம் நடத்தியவள் நான்.

ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ, கானா பக்கத்துப் புல்வெளிகள்தான் பந்து மலைப்பாம்பின் சொந்த ஊர். பகலைக் கறையான் புற்றிலும் எலி வளையிலும் கழித்துவிட்டு இரவில் இரை தேடும். நஞ்சு கிடையாது. மிரண்டால் தலையை நடுவே மறைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். பெண் பாம்பு நாலடி, சில சமயம் ஐந்தடி; ஆண் அதைவிடச் சிறியது. பெனினும் நம்மைப் போலப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு, 1960-ல் விடுதலை பெற்றது. அங்கே ஊய்தா நகரில் இந்த மலைப்பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. வேப்பமரத்தடிப் புற்றைச் சுற்றி வருகிற நமக்கு அதில் வியப்பில்லை. ஆடி வெள்ளியன்று அடுத்த வீட்டு அம்மா ஒரு டம்ளர் பாலோடு வந்துவிட்டார். "குடிக்காதுங்க" என்றேன். "நீங்க வைங்க டீச்சர், அது குடிக்கும்" என்றார். அந்தப் பாலில் காபி போட்டு இரண்டு பேரும் குடித்தோம்.

நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சாரையோ மண்ணுளியோ நம் மலைப்பாம்போ, பிடித்து வளர்த்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம். ஆனாலும் 2022-ல் வந்த திருத்தமும் 2024 விதிகளும் அதையும் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டன. பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்துத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிய வேண்டும். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும்; நானும் அப்படித்தான் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். விற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது காகிதத்தை, விலையை அப்புறம் பேசலாம். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளுக்குள் 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. மலிவாகக் கிடைக்கிற குட்டி எந்த வழியாக வந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வீடு. நாம் கட்ட வேண்டியது ஒரு புற்று: இருட்டு, இறுக்கம், அதிகம் ஏறி இறங்காத சூடு, கொஞ்சம் ஈரப்பதம். மீன் தொட்டியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. நாலு பக்கமும் வெளிச்சம் விழுகிற தொட்டியில் பாம்பு மிரண்டே கிடக்கும், இரையையும் தொடாது. எங்களுடையது மரைன் பிளைவுட்டில் செய்த பெட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்; முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி, பூட்டோடு. தலை நுழைகிற சந்து கிடைத்தால் முழுப் பாம்பும் வெளியே வந்துவிடும். பைன், தேவதாரு மரச்சீவலைத் தரையில் போடாதீர்கள், அந்த மர எண்ணெய் அதற்கு ஆகாது. தேங்காய் மட்டைச் சில்லு போதும்.

பெட்டியின் ஒரு ஓரம் 31, 32 டிகிரி செல்சியசும் மறு ஓரம் 26, 27-ம் இருக்க வேண்டும். வேண்டிய சூட்டைப் பாம்பே நகர்ந்து தேடிக்கொள்ளும். மார்கழி இரவுகளில் ஹீட் மேட் போடுகிறேன், தெர்மோஸ்டாட்டோடு. அது இல்லாமல் போட்டால் தோல் வெந்துபோகும், அப்போதும் பாம்பு நகராமல் படுத்திருக்கும். சித்திரை வந்துவிட்டால் கவலை மறுபக்கம். 35 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் உயிருக்கே ஆபத்து. பெட்டி இருப்பது உள்கூடத்தில், வெயில் படாத சுண்ணாம்புக் காரைச் சுவர் ஓரம். அக்னி நட்சத்திரத்தில் அறை ஏ.சி. 27-ல் ஓடும். கரண்ட் பில்லில் பாதி பாரீசிலிருந்து வருகிறது.

தரையோடு வைத்தால் இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதைப் பார்த்தபின் இரண்டடிக் கல்மேடைதான் இடம் என்று முடிவாயிற்று. ஈரப்பதத்துக்கு நாம் அலைய வேண்டாம், கடற்காற்றே 60, 70 சதவீதத்தைக் கொண்டுவந்துவிடும். அடித்தளம் சொதசொதவென்று ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும். மூக்கிலோ வாயிலோ குமிழி வந்தால் சளி நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெட்டியைவிட எனக்குப் பெருமை அதற்குள் இருக்கிற இரண்டு மண்சட்டி. சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூரில் சொல்லிச் செய்தவை. விளிம்பில் அரைவட்டமாக வெட்டி, அதற்கப்புறம் சுட வேண்டும் என்றேன். "கோழி அடைக்கவாம்மா?" என்று கேட்டார் குயவர். பாம்புக்கு என்றதும் ஒன்றும் பேசவில்லை. வெட்டிய ஓரத்தை ஈர விரலால் இரண்டு தரம் வழித்து மழுக்கினார். "வயிறு கீறிடப் போவுது" என்றார். எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாத யோசனை அது. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று கவிழ்த்திருக்கிறேன். ஒரே சட்டி வைத்தால், சூடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறைவை விட மனமில்லாமல் அதற்குள்ளேயே கிடக்கும். சுருண்டு படுத்தால் முதுகு சுவரில் உரச வேண்டும், அவ்வளவு சின்னதாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. மே மாதத்தில் குளிர்ந்த பக்கத்துச் சட்டியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பானைத் தண்ணீர் குளிர்கிற அதே முறையில் உள்ளே சூடு இறங்கும்.

சாப்பாடு எலி. வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, அதன் உடம்பின் பருத்த பகுதி அளவுக்கு. பொறியில் விழுந்த வீட்டெலி வேண்டவே வேண்டாம், வயிற்றில் எலிமருந்து இருக்கும். உயிரோடு விட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். வளர்ப்பெலியை உறைய வைத்து, எடுத்து உருக்கி, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி நீண்ட இடுக்கியால் காட்டுகிறேன். மேலுதட்டுக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் அது பாயும், ஆறிய எலியைத் திரும்பியும் பார்க்காது. தின்றபின் இரண்டு நாள் தொடக் கூடாது. சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தராசில் எடை குறையாதவரை நான் பதறுவதில்லை, பாரீசிலிருந்துதான் போன் வரும், "சாப்பிட்டானா சித்தி?" என்று.

வயசுக் கணக்கையும் போட்டுக்கொண்டு வாங்குங்கள். இருபது, முப்பது வருஷம் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயி உயிரியல் பூங்காவுக்கு 1961-ல் வந்த பெண் பாம்பு ஒன்று 2020-ல், அறுபது வயதைத் தாண்டி, முட்டை இட்டது. எனக்கும் இப்போது அந்த வயசுதான். எனக்கப்புறம் யார் என்று அக்கா பேத்தியிடம் பேசி வைத்திருக்கிறேன். பரிவேஷில் எப்படி விண்ணப்பிப்பது என்பதை எழுதிப் பாம்பின் ஃபைலிலேயே செருகியாயிற்று. எலியை இடுக்கியால் பிடிக்கத்தான் அவளுக்கு இன்னும் அருவருப்பு. அடுத்த லீவில் பழக்க வேண்டும்.