சொல்லப்படாத பக்கங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் இளைஞர் சிலர் கடுமையாக வாதிட்டுக் கொண்டிருந்தனர். பொருள், மாயாஜாலக் கணினிப் போர் விளையாட்டொன்றின் கதை. “மூன்றாம் போரில் மாண்ட மந்திரவாதி ஐந்தாம் போருக்கு எப்படி வந்தான்?” “அவனுக்கு இரட்டைச் சகோதரன் இருந்திருப்பான்!” என்றான் ஒருவன்.

நகைத்தேன். ஆயினும் நாமும் இவ்வினத்தவரே. 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, விடுபட்டவற்றைக் குறித்து வாசகர் கேட்ட வினாக்களுக்குக் கல்கி முடிவுரையில் விடையளிக்க நேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் எவர் என்னும் வழக்கோ இன்றும் ஓயவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகளின் பெயர்களைத் தருகிறது. அவர்கள் கொன்ற காரணத்தைத் தரவில்லை.

நற்செய்தியிலும் சொல்லப்படாத பக்கங்கள் உண்டு. 12 வயதில் ஆலயத்தில் காணப்பட்ட இயேசுவை, மீண்டும் ஏறத்தாழ 30 வயதில்தான் காண்கிறோம். பெற்றோருக்குப் பணிந்து ஞானத்தில் வளர்ந்தார் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். பாலகன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்கவிட்டார் என்றெல்லாம் பிற்காலத்தார் கதை புனைந்தனர். திருச்சபை அவற்றை விவிலியத்தில் சேர்க்கவில்லை.

மந்திரவாதிக்கு ஓர் இரட்டையனைப் படைப்பதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால், மணமான ஆறாம் மாதம் தாய்வீடு திரும்பிய பெண்ணைக் குறித்து நாம் புனையும் கதை? அவள் சொல்லாததை நாம் சொல்லி முடிக்கிறோம். அவளுடைய நற்பெயர் அழிகிறது. எட்டாம் கட்டளை காக்க விரும்புவது அந்த நற்பெயரையே. அன்பர்களே, அவள் வீட்டுப் படியேறி நலம் விசாரிப்போம், காரணம் கேளாதிருப்போம்.