சாளை எண்ணெயும் சல்லடையில்லாச் சலிப்பும்

தேங்காய்ப்பட்டணம் துறையில் சாளை மிகுதியாகப் படும் நாட்களில், உண்ணப் போனது போக மீதி மீன்தூள், எண்ணெய் ஆலைகளுக்குப் போவதுண்டு. அந்த எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் மலிவு. ஆனால் அதிலுள்ள இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பைத் தனியே பிரித்தால் மருந்தாகிறது. பிரிக்கும் முறைகளில் ஒன்று குரோமட்டோகிராபி.

இதை நம் கடைத்தெருவிலேயே காணலாம். பத்துப் பேர் ஒன்றாக நுழைந்தால், கடைக்குக் கடை நின்று விலை கேட்பவர் பின்தங்குவார், நிற்காதவர் முந்துவார். அதுபோல், பூச்சிட்ட சிலிக்காப் பொடி நிரப்பிய உருக்கு உருளைக்குள், பக்குவப்படுத்திய எண்ணெயைச் சாராயத்தோடு செலுத்துகிறார்கள். (சிரிக்க வேண்டாம், தொழிற்சாலை எத்தனால்தான்!) நிறைவுற்ற கொழுப்பு பொடியில் ஒட்டித் தாமதிக்கும், இ.பி.ஏ. முந்திவரும். பல உருளைகளை வளையமாக இணைத்து இடைவிடாது பிரிக்கும் ஏற்பாடு, 1961-இல் பெட்ரோலியத் தொழிலுக்காக அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 2012-இல் அங்கே மருந்தாக அனுமதிக்கப்பட்ட இ.பி.ஏ. 96 சதவீதத் தூய்மையுள்ளது.

மருந்துக்கடை அன்பர்கள் கவனிக்க: '1000 மி.கி. மீன் எண்ணெய்' என்னும் சாதாரண மாத்திரையில் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி. மட்டுமே. கொள்முதலின்போது பின்பக்க அளவைப் படியுங்கள். பிரித்த சரக்கின் விலைக்குப் பிரிக்காததை வாங்கி அடுக்கிவிட வேண்டாம்.