எழுநூறு ரூபாயும் ஏழு வருடமும்



இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம், வெளியூர் பலசரக்குக் கடையில் வேலை பார்த்த எங்கள் பெரியம்மா மகன் திடீரென்று ஊருக்கு வந்துவிட்டார். கல்லாப்பெட்டியில் 700 ரூபாய் எடுத்தது உண்மை. அண்ணனே ஒத்துக்கொண்டார். முதலாளி அவரை ராத்திரி முழுக்க குடோனில் பூட்டி வைத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி, இரண்டு மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டு அனுப்பியிருக்கிறார்.

எங்க அப்பா கரிமூட்டம் போடுகிறவர். "டேய், நம்ம வீட்டுல நீதான் படிச்சவன். இதுக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருடா" என்றார். இயந்திரவியல் படிக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அண்ணனைக் கூட்டிப் போனேன். அங்கே வக்கீல் அம்மா ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சின்னத் திருட்டா?

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 303-வது பிரிவின்படி சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் வேலைக்காரர் முதலாளியிடம் திருடினால் அதற்குத் தனிப்பிரிவு, 306. ஏழு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. அந்த 5,000 ரூபாய்ச் சலுகை இந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. தெருவில் போகிறவன் எடுத்தால் திருட்டு மட்டும்தான். நம்பிக் கல்லாவில் உட்கார வைத்தவரிடம் எடுத்தால் அது நம்பிக்கைத் துரோகமும் சேர்ந்தது.

வேலை விஷயத்திலும் அப்படியே. கர்நாடகத்தில் ஒரு பஸ் கண்டக்டர் சுமார் 361 ரூபாய் டிக்கெட் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டார். வேலை போனது. தொகை சிறிதாக இருந்தாலும் நம்பிக்கை போனது போனதுதான் என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதற்காக அடிக்கலாமா?

எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். தண்ணீர் மடை வழியாகத்தான் பாய வேண்டும். அவரவர் இஷ்டத்துக்குக் கரையை வெட்ட முடியாது. திருட்டுப் புகாரும் அப்படித்தான், அதற்கென்று உள்ள வழியில்தான் போகவேண்டும்.

1. தன் கண்ணெதிரே திருடியவனை முதலாளி பிடிக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். குடோனில் பூட்டி வைப்பதும் அடிப்பதும் தனிக் குற்றங்கள்.

2. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீசார் எடுத்ததும் கைது செய்யக்கூடாது. தேவை இல்லையென்றால் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். இது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

3. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக்க முடியாது.

4. செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு. நஷ்டத்துக்குப் பிடிப்பதென்றால் முதலில் தொழிலாளியின் பதிலைக் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

5. பொருளுக்கு உரியவர் சம்மதித்தால், கோர்ட் அனுமதியோடு 306 வழக்கை சமாதானமாக முடிக்கவும் வழி உண்டு.

இந்த வழியை மீறினால் என்ன ஆகும்? நம் பக்கத்து சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், கோயில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார், கோயிலுக்கு வந்தவரின் நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டு 2025 ஜூன் 28 அன்று போலீஸ் காவலில் இறந்தார். அவர் உடம்பில் 44 காயங்கள். போலீஸ்காரர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. திருடினார் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. திருடியிருந்தாலும் சட்டத்தில் அதற்கு அடி கிடையாது, சாவும் கிடையாது.

அண்ணன் 700 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வக்கீல் கடிதம் போனதும் கையெழுத்துத் தாளும் சம்பளமும் வந்தன. வேலை மட்டும் வரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது என்று அண்ணனே சொல்கிறார்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்குப் போவோம். ஒரு துண்டு செம்புக் கம்பி, ஒரு பேரிங், "இதுல என்ன இருக்கு" என்று தோன்றும். ஏழு வருடம் இருக்கிறது, தொடாதீர்கள். யாராவது உங்கள் மேல் பழி சொன்னால் வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் முதலில் படித்தவர் என்றால், இந்தப் பக்கத்தை அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.