ஆஷ் துரையும் நமது செபமும்

நம் பாளையங்கோட்டை மண்ணில் அடக்கமாகியிருப்பவர் ஆஷ் துரை. 1872-இல் அயர்லாந்தில் பிறந்தவர். ஆங்கில ஆதிக்கத்தால் அல்லலுற்ற அந்நாட்டினின்று வந்தவர், இங்கே அதே ஆதிக்கத்தின் கரமாக விளங்கினார். 1908-இல் தூத்துக்குடியில் பணியாற்றுகையில் வ.உ.சி.யின் சுதேசி இயக்கத்தை ஒடுக்க முன்னின்றார். 1910-இல் திருநெல்வேலி ஆட்சியரானார்.

1911 ஜூன் 17 அன்று, கொடைக்கானலிலிருந்த தம் மக்களைக் காண மனைவியுடன் புறப்பட்டார். மணியாச்சி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டு வீழ்த்தி, தாமும் சுட்டுக்கொண்டு மடிந்தார். ஆஷுக்கு அப்போது வயது 38. ஒரே நாளில் இரு இல்லங்கள் இருண்டன. இரு பெண்கள் கைம்மை எய்தினர்.

செக்கிழுத்த செம்மலை நாம் மறவோம். அடக்குமுறையை நியாயப்படுத்தவும் மாட்டோம். ஆயினும் ஐந்தாம் கட்டளை ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் பொதுவன்றோ? நவம்பரில் மரித்த விசுவாசிகளை நினைவுகூர்ந்து கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், இவ்விருவருக்காகவும் இறைவனின் இரக்கத்தை இறைஞ்சுவோமாக!