சிறு டிராக்டர் பொறிக் கோளாறுகள்

சிறு டிராக்டர் பொறிக் கோளாறுகள் என்பன, ஏறத்தாழ 15 முதல் 30 வரையிலான குதிரைத்திறன் கொண்ட உழவு டிராக்டர்களின் டீசல் பொறியில் (எஞ்சின்) ஏற்படும் நிறுத்தம், திறன் குறைவு, சூடேற்றம் முதலிய குறைபாடுகளாகும். இவற்றுள் பட்டறையில் சரிசெய்யப்பட்ட சில நாட்களிலேயே திரும்ப வரும் கோளாறுகளே உழவருக்குப் பெருந்தொல்லையாக அமைகின்றன. பெரும்பாலான வேளைகளில் பொறியின் உள்ளுறுப்புகள் இதற்குக் காரணமாவதில்லை. எரிபொருள், காற்று, குளிர்நீர் ஆகியன பொறிக்குள் செல்லும் வழிகளிலுள்ள சிறு குறைகளே காரணமாகின்றன. விளைவு மட்டும் நீக்கப்பட்டுக் காரணம் அப்படியே விடப்படுவதால் கோளாறு திரும்புகின்றது.

சேலம், நாமக்கல் சமவெளியில்

1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. எனினும் இரு மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகள் மண்ணாலும் பயிராலும் ஒன்றுபோலவே உள்ளன. மேட்டூர்க் கால்வாய்ப் பாசனமும் காவிரிக் கரையோர வாய்க்கால் பாசனமும் பெறும் பகுதிகள் நீங்கலாக, ஏனையவை கிணற்றையும் மழையையும் நம்பியவை. ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம், திருச்செங்கோடு ஆகிய வட்டாரங்களில் மரவள்ளி, நிலக்கடலை, சோளம், மஞ்சள், சின்ன வெங்காயம் முதலியன பயிரிடப்படுகின்றன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இத்தகைய நிலங்களிலும், தென்னை, பாக்குத் தோப்புகளின் மர வரிசைகளுக்கு இடையிலும் உழுவதற்குச் சிறு டிராக்டர் ஏற்றதாக உள்ளது.

மானாவாரிச் செம்மண் நிலத்தில் ஒரு மழைக்குப் பின் விதைப்பதற்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். ஆடிப்பட்டத்தில் அந்நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால் விதைப்பு அடுத்த மழைக்குத் தள்ளிப்போகின்றது. சில ஆண்டுகளில் அந்த மழை வருவதேயில்லை. வாடகை உழவை நம்பிக் கடனில் டிராக்டர் வாங்கியவருக்கோ, அந்தச் சில நாட்களின் வருவாயே தவணைக்கான பணமாகும். பழுதுபார்க்கும் செலவைக் காட்டிலும் பழுதாகி நிற்கும் நாட்களின் இழப்பே பெரிது.

பட்டறைகளுக்கு இப்பகுதியில் குறைவில்லை. நாமக்கல் லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. ஆதலால் டீசல் பம்பையும் நாசிலையும் பிரித்துச் சரிபார்க்கத் தெரிந்த தொழிலாளர்கள் இங்கு எளிதில் கிடைக்கின்றனர். இது ஒரு வாய்ப்பு. ஆனால் இதுவே, டிராக்டர் நின்றவுடன் எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்றி அனுப்பும் பழக்கத்திற்கும் இடந்தருகின்றது.

டீசல் பொறிக்குத் தேவையானவை

ருடால்ப் டீசல் 1890களில் உருவாக்கிய இப்பொறியில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. உருளைக்குள் காற்று மிகுதியாக அழுத்தப்படும்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கின்றது. அந்தச் சூடான காற்றில் நாசில் வழியாக டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டவுடன் தானே எரிகின்றது. எனவே போதிய காற்றும், போதிய அழுத்தமும், சரியான நேரத்தில் சரியான அளவு டீசலும் கிடைத்தால் பொறி ஓடும். பழைய வகை எந்திரவியல் பம்பு கொண்ட டிராக்டர், ஓடத் தொடங்கிய பின்னர் மின்கலம் இல்லாமலும் ஓடக்கூடியது.

ஒவ்வொரு முறையும் பீய்ச்சப்படும் டீசலின் அளவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. நிமிடத்திற்கு 2200 சுற்றில் ஓடும் மூன்று உருளைப் பொறி ஒன்று மணிக்கு 5 லிட்டர் டீசல் எடுப்பதாகக் கொள்வோம். நான்கடிப் பொறியாதலால் ஒவ்வோர் உருளையும் நிமிடத்திற்கு 1100 முறை டீசல் பெறுகின்றது. மூன்றும் சேர்ந்து மணிக்கு 1,98,000 முறை. ஆகவே ஒரு பீய்ச்சலின் அளவு சுமார் 25 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு சொட்டு நீரில் ஏறத்தாழப் பாதி. இந்த அரைச்சொட்டை 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய அழுத்தத்திற்கு உயர்த்தினால்தான் நாசில் திறக்கும். இடையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் அடி அக்குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்; நாசில் திறக்காது.

காற்றடைப்பு

எரிபொருள் வழியில் காற்று புகுந்து பொறி நிற்பது காற்றடைப்பு எனப்படும். உழவர்கள் இதனை 'ஏர் லாக்' அல்லது 'ஏர் பிடித்துவிட்டது' என்பர். ஒற்றை உருளைப் பொறியாயின் உடனே நின்றுவிடும். இரண்டு, மூன்று உருளைகள் கொண்டதாயின் முதலில் ஓட்டம் தடுமாறி, விட்டுவிட்டு ஓடிப் பின்னர் நிற்கும்.

காற்றை வெளியேற்றுதல் எளிது. கியர் நடுநிலையில் இருக்க வேண்டும், பி.டி.ஓ. தண்டு விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் டீசல் வடிகட்டியின் (பில்டர்) மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, ஊட்டு பம்பின் கைநெம்பை அடிக்க வேண்டும். நுரையும் குமிழியும் நின்று தெளிந்த டீசல் வரும்போது, அது வழிந்துகொண்டிருக்கையிலேயே திருகை இறுக்க வேண்டும். இவ்வாறே இரண்டாவது வடிகட்டியிலும், அதன்பின் பெரிய பம்பிலும் செய்யப்படுகின்றது. அப்போதும் ஓடாவிட்டால் நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்திச் சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றலாம். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. ஆதலால் அதன்முன் கையை நீட்டுதல் கூடாது.

இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பொறியும் ஓடத் தொடங்கும். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் நிற்கும்! காற்றை வெளியேற்றியாயிற்று, காற்று புகுந்த துளை மூடப்படவில்லை.

காற்று புகும் இடம்

ஊட்டு பம்புக்கு அப்பாலுள்ள பகுதியில் டீசல் அழுத்தத்தில் இருப்பதால், அங்கு ஒரு மூட்டு தளர்ந்தால் டீசல் வெளியே கசிந்து கண்ணுக்குத் தெரிகின்றது. தொட்டியிலிருந்து ஊட்டு பம்பு வரையிலான பகுதி உறிஞ்சு பகுதி. இங்கு மூட்டு தளர்ந்தால், பொறி ஓடும்போது டீசல் வெளிவருவதற்கு மாறாகக் காற்று உள்ளே செல்லக்கூடும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஈரம் காணப்படும் இடத்திலேயே தேடும் வழக்கத்தால் இந்தக் குறை பலமுறை தவறவிடப்படுகின்றது.

தொட்டி பம்பைவிட உயரத்தில் இருக்கும் டிராக்டர்களில் இது இன்னும் குழப்பம் தரும். தொட்டி நிறைந்திருக்கையில் டீசலின் எடையே காற்றைத் தடுக்கின்றது. தொட்டி பாதியாகக் குறைந்து, அத்துடன் குழாயோ வண்டல் கிண்ணமோ சிறிது அடைத்திருந்தால் பம்பு வலிந்து உறிஞ்சும். அப்போதே காற்று புகும். காலையில் நன்றாக ஓடி நண்பகலுக்கு மேல் நிற்கும் டிராக்டர்களின் மருமம் சில வேளைகளில் இதுவே. டீசலை நிரப்பியதும் ஓடுவதால் டீசல் தீர்ந்துவிட்டது என்றே எண்ணப்படுகின்றது.

வழக்கமாகச் சோதிக்க வேண்டியவை வெடித்த ரப்பர்க் குழாய், தேய்ந்த வளையப் பிடி, வண்டல் கிண்ணத்தின் ரப்பர் வளையம், செம்பு வாஷர் ஆகியன. செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். மறுமுறை அதையே போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சரியாகப் பொருந்தாது. புதியது கிடைக்காதபோது பழையதைச் செந்நிறமாகச் சூடாக்கி ஆறவிட்டு மென்மையாக்கிப் பயன்படுத்துவது பட்டறைகளில் அறியப்பட்ட முறையாகும்.

தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை சேற்றால் அடைபடுவது தனியாகக் குறிப்பிடத்தக்கது. டீசல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, அரைமணி அளவில் ஓட்டம் நின்றுவிடும். சற்றுநேரம் கழித்து முடுக்கினால் மீண்டும் ஓடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் ஒலி கேட்டால் இக்குறை உறுதி. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. ஒரு கம்பி நுனியால் தீரக்கூடிய இதற்காகப் பம்பைக் கழற்றிய செலவுகள் பல.

பாதியாகப் பிரித்துச் சோதித்தல்

திரும்ப வரும் கோளாற்றில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே செல்வது செலவு மிக்கது. எது காரணம் என்பதும் இறுதிவரை தெரியாது. வழியை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பது விரைவானது. தூய்மையான ஒரு கேனில் டீசல் நிரப்பி, டிராக்டரின் தொட்டி இருக்கும் உயரத்தில் பாதுகாப்பாகக் கட்டி, புதிய குழாய் ஒன்றினால் நேராக ஊட்டு பம்புடன் இணைக்க வேண்டும். வழக்கமாக நிற்கும் நேரத்தைக் கடந்தும் பொறி ஓடினால் குறை தொட்டி, மூடி, பழைய குழாய் ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. அப்போதும் நின்றால் குறை பம்பின் பக்கத்தில் உள்ளது. சூடான புகைக்குழாயிலிருந்து கேன் விலகியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தே இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

ஊட்டு பம்புக்கும் வடிகட்டிக்கும் இடையில் ஒளி புகும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்தால் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். வடிகட்டி, குழாய், நாசில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு நீங்கலாம். எதனால் நீங்கியது என்பது தெரியாது.

நீரும் தூசியும்

பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி வைக்கப்படும் டீசலில் தூசியும் நீரும் சேர்கின்றன. இரவில் பாதி காலியான தொட்டியின் உட்சுவரிலும் நீர் படியக்கூடும். பம்பின் உலக்கைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மயிரிழையின் தடிமன் அதைப்போலப் பன்மடங்கு. அவ்விடத்தில் நீர் புகுந்தால் துரு பிடிக்கும், மண் புகுந்தால் தேயும். வண்டல் கிண்ணத்தை வாரத்தில் ஒருமுறை வடிப்பதும், வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்புவதும் பயன் தருவன. 'மைக்கோ பம்பு' என்று இன்றும் பட்டறைகளில் வழங்கும் பெயர், 1951-இல் தொடங்கப்பட்டு 2008-இல் பாஷ் எனப் பெயர் மாறிய பெங்களூர் நிறுவனத்தின் பழைய பெயரிலிருந்து வந்தது.

பொறி உள்ளிழுக்கும் காற்றிலுள்ள தூசியின் கேடு மெதுவானது, ஆனால் மிகப் பெரியது. காய்ந்த செம்மண்ணில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது டிராக்டர் புழுதிப் படலத்துக்குள்ளேயே செல்கின்றது. எண்ணெய்க் குளியல் வகைக் காற்று வடிகட்டியாயின் அதன் எண்ணெயை அந்நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். வடிகட்டியிலிருந்து பொறிக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை. ரிங், லைனர் தேய்ந்து நீலப்புகை வந்தபின் 'போர் வேலை' முடித்து, அதே வெடித்த குழாயை மீண்டும் மாட்டினால் புதிய ரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும். கரும்புகை காற்றுக் குறைவையோ மிகைச் சுமையையோ காட்டுகின்றது.

சூடேற்றமும் சுமையும்

இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதனை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து நீர்வழி குறுகுகின்றது. குளிர்காப்புத் திரவம் கலந்த தூயநீரே ஏற்றது. நிலக்கடலை, சோளம் ஆகியவற்றின் தூசும் சருகும் ரேடியேட்டரின் முன்பக்கத்தை அடைக்கின்றன. பொறி சூடாகிறதென்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. இது தவறு, தேவையான வெப்பத்தை எட்டாமல் ஓடும் பொறியில் உருளைகள் விரைவாகத் தேய்கின்றன.

சிறு டிராக்டரில் தகுதிக்கு மீறிய கருவியைப் பூட்டுவதும் தொடர் கோளாறுக்குக் காரணமாகும். 35 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டருக்குரிய ஐந்தடி ரொட்டவேட்டரை 22 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டினால், எந்தப் பட்டறையாலும் அக்கோளாறைத் தீர்க்க இயலாது.

பதிவேடும் உரிமையும்

டிராக்டரின் முகப்பிலுள்ள மணிக்கணக்குக் கருவியைப் பார்த்து, பொறி நின்ற ஒவ்வொரு முறையும் எத்தனையாவது மணி, என்ன வேலை, தொட்டியில் எவ்வளவு டீசல், மேடா பள்ளமா, நிற்கும் முன் புகை எந்நிறம் என ஒரு நோட்டில் எழுதிவைத்தால், நான்கைந்து பதிவுகளிலேயே ஓர் ஒழுங்கு புலப்படுவதுண்டு. மெக்கானிக்குக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

முறையான பயிற்சிக்கு நடுவண் அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனங்கள் உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-இல் முதல் நிலையம் தொடங்கப்பட்டது. தென்மாநிலங்களுக்கான நிறுவனம் ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபூர் அருகே கார்லதின்னையில் உள்ளது. சொந்த டிராக்டர் நின்றுவிட்டபோது, தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு வழங்கும் டிராக்டர்களையும் நாடலாம்.

புதிய டிராக்டரில் உத்தரவாதக் காலத்திலேயே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ்க் குறைபாடாகக் கருதப்படலாம். வணிக நோக்கில் வாங்குவோர் நுகர்வோர் ஆகார் என்றாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துவோர் நுகர்வோரே எனச் சட்டம் விளக்குகின்றது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட, ஒவ்வொரு முறையும் வண்டி பணிமனைக்குச் சென்றதற்கான எழுத்துச் சான்று தேவைப்படும். வாய்மொழியாகச் சரிசெய்து தரப்படும்போதும் நாள், மணிக்கணக்கு, குறை, செய்த வேலை ஆகியன எழுதப்பட்ட பணிச்சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். முறையீட்டுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும்.