கடல் கடந்து வந்த சாம்பல்

சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்காத தமிழ் இல்லம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அடுப்புச் சாம்பலும் சிறிது புளியும் சேர்ந்துவிட்டால் வெண்கலப் பானை பொன்போல் மின்னும். பிழைப்பை நாடி வெளிமாநிலங்களுக்கு வந்து, மாடிக் குடியிருப்புகளில் எரிவாயு அடுப்போடு வாழும் நமக்கு அந்தச் சாம்பல் ஏது? கடைப் பொடியைத்தான் வாங்குகிறோம். இத்தகைய துப்புரவுப் பொடிகளில் கலப்பதற்கென்றே ஆந்திரப் பிரதேசத்தில், ஜ்வாலாபுரம் என்னும் சிற்றூரின் அருகே, ஒருவகை வெண்சாம்பலை மக்கள் வெட்டியெடுத்து விற்று வந்தனர். அது எந்த அடுப்பிலும் எரிந்த சாம்பலன்று. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சுமாத்திராத் தீவில் வெடித்த எரிமலையிலிருந்து, 2,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் காற்றிலே கடந்து வந்து படிந்த சாம்பல்.

எரிமலைச் சாம்பலை விறகுச் சாம்பலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. பூமியின் உள்ளே அழுந்திக் கிடக்கும் பாறைக் குழம்பு, தன்னுள் கரைந்துள்ள ஆவிகள் பொங்கியெழச் சிதறித் தெறிக்கிறது. தெறித்த துளிகள் நொடிப்பொழுதில் உறைந்து கண்ணாடியாகின்றன. ஆகவே அது பொடிக் கண்ணாடியே எனலாம். பாத்திரம் துலக்க அது நன்கு உதவுவதும் இக்காரணம் பற்றியே. சுமாத்திராவில் அன்று வெளிப்பட்ட பாறைக் குழம்பு ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். குழம்பு நீங்கிய வெற்றிடத்தில் மலையே உள்ளே சரிந்தது. சரிந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உருவானதுதான் இன்றைய தோபா ஏரி. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். அதன் நடுவே சமோசிர் என்னும் தீவு எழுந்து நிற்கிறது.

இச்சாம்பல் இந்தியாவில் இருப்பதை முதலில் கண்டறிந்தவர் மார்ட்டின் வில்லியம்ஸ் என்னும் ஆஸ்திரேலிய நிலவியல் அறிஞர். அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. ஆர். சர்மாவும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெஸ்மண்டு கிளார்க்கும் தலைமை தாங்கிய குழுவொன்று, மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழங்கற்காலக் கருவிகளைத் தேடியது. அக்குழுவோடு சென்ற வில்லியம்ஸ் 1980-ஆம் ஆண்டில் ஆற்றங்கரை மண்சுவரிலே வெளிறிய படிவு ஒன்றைக் கண்டார். அதனை எரிமலைச் சாம்பல் என்று கொள்வதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. இந்தியப் பெருநிலத்தில் இன்று உயிருள்ள எரிமலை ஒன்றும் இல்லை. நாம் வாழும் புணே நகரைச் சூழ்ந்த கருங்குன்றுகள் யாவும் எரிமலைக் குழம்பு உறைந்தவையே. ஆனால் அவை ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சோன் கரைப் படிவோ நேற்று வந்ததுபோல் இளமையானது. நம் நாட்டின் ஆட்சிக்குட்பட்ட ஒரே உயிர் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. 1991-இல் அது நெடுந்துயில் கலைந்து மீண்டும் வெடித்தது. போர்ட் பிளேரில் வாழும் நம் தமிழ் உறவினர்கள் அதனை நன்கறிவர். எனினும் இவ்வளவு சாம்பலை இவ்வளவு தொலைவு வீச அதற்கு ஆற்றல் போதாது. கண்ணாடித் துகள்களின் வேதியியல் கூறுகளைப் பின்வந்த ஆய்வாளர் நுணுகி ஒப்பிட்ட பின்னரே, தோபாவே இதன் பிறப்பிடம் என்பது துணிபாயிற்று.

தொல்பொருள் ஆராய்ச்சிக்கு நிலவியல் அறிஞர் வழிகாட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தியன்று. 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூஸ் பூட்டு நிலவியல் துறை அலுவலரே. அவர் பின்னர்க் கர்நூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளையும் ஆராய்ந்தார். அதே வட்டாரத்தில்தான் ஜ்வாலாபுரமும் இருக்கிறது. ஊர்ப்பெயரில் ‘ஜ்வாலை’ இருப்பதைக் கண்டு எவரும் ஏமாறிவிட வேண்டா, அது தற்செயலே. பங்கனபள்ளி மாம்பழத்தை விரும்பி உண்ணும் நாம் அப்பழத்துக்குப் பெயர் தந்த ஊருக்கு அருகில் இப்பள்ளத்தாக்கு இருப்பதை நினைவிற் கொள்ளலாம். புணேயிலிருந்து குண்டக்கல், தாடிபத்திரி, கடப்பை வழியாகச் சென்னைக்கு இரயிலேறும் குடும்பங்கள், தாடிபத்திரிக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இச்சாம்பலைக் கடந்து போகின்றன.

ஜ்வாலாபுரத்தில் சாம்பலின் கனம் சில இடங்களில் 2 மீட்டருக்கும் மிகும். வானிலிருந்து நேரே விழுந்தது சில அங்குலமே. எஞ்சியது மழைநீரில் மேட்டிலிருந்து அடித்து வரப்பட்டுத் தாழ்விடத்தில் தங்கியது. தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டரும், மைக்கேல் பெட்ராலியாவும் அவர்தம் குழுவினரும் இங்கே அகழ்ந்தனர். சாம்பலுக்குக் கீழும் மேலும் உள்ள மண்ணின் வயதை அவர்கள் கணித்த முறை வியப்புக்குரியது. வெயில் படாமல் புதையுண்ட மணற்றுகள், சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. ஆய்வகத்தில் அதன்மீது ஒளி பாய்ச்சினால் அவ்வாற்றல் மங்கலான ஒளியாக வெளிப்படும். அதை அளந்தால், அத்துகள் கடைசியாகக் கதிரவனைக் கண்ட காலம் தெரியவரும்.

2007-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் இவர்கள் வெளியிட்ட முடிவு அறிஞர் உலகில் பெரும் பூசலைக் கிளப்பியது. சாம்பலின் கீழே கற்கருவிகள் கிடைத்தன. மேலேயும் ஏறத்தாழ அதே வகைக் கருவிகளே கிடைத்தன. இதில் என்ன பூசல் என்று கேட்கலாம். தோபாப் பேரழிவால் உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் குளிர் பரவியது என்றும், மனித இனம் சில ஆயிரம் பேராகக் குறுகிவிட்டது என்றும் 1998-இல் இசுட்டான்லி ஆம்புரோசு எழுதியிருந்தார். 1815-இல் வெடித்த தம்போரா, தோபாவின் முன் மிகச் சிறியது. அதுவே மறு ஆண்டில் ஐரோப்பாவின் கோடையைக் குலைத்து விளைச்சலைப் பாழாக்கியது. அவ்வாறாயின் தோபா என்ன செய்திராது? ஆனால் ஜ்வாலாபுரத்துக் கருவிகளோ, அப்பள்ளத்தாக்கில் மனிதர் தொடர்ந்து வாழ்ந்தனர் என்று சொல்வனபோல் அமைந்தன.

வில்லியம்ஸ் எளிதில் இணங்கவில்லை. அவரும் ஆம்புரோசும் பிறரும் 2009-இல் வேறு சான்றுகளை முன்வைத்தனர். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் காற்றிலிருந்து கரியை ஒரே விகிதத்தில் ஏற்பதில்லை. அவ்வேறுபாடு நிலத்தினுள் விளையும் சுக்கான் கற்களில் பதிந்து நிற்கும். சாம்பலுக்குக் கீழே காட்டின் தடமும், மேலே புல்வெளியின் தடமும் தெரிந்தன. வங்கக் கடலடி மண்ணில் கிடைத்த மகரந்தத் துகள்களும் வறட்சியையே காட்டின. எதிர்ப்பக்கத்தாரோ இச்சான்றுகள் ஆண்டுக்கணக்கைச் சொல்லும் நுட்பமுடையன அல்ல என்று மறுத்தனர். 2020-இல் சோன் கரையிலுள்ள தாபா என்னுமிடத்து அகழாய்வு வெளியாயிற்று. ஏறத்தாழ 80,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 65,000 ஆண்டுகளுக்கு முன்வரையில், தோபாவுக்கு முன்னும் பின்னும், அங்கே ஒரேவகைக் கற்கருவிகள் இடையறாது செய்யப்பட்டு வந்தன என்பது அதன் முடிவு.

நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். இருசாராரும் இருவேறு வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டிருக்கின்றனர். காடு அழிவது வேறு. காட்டில் வாழ்ந்தவன் அழிவது வேறு. சுனையும் வேட்டையும் குறைந்தால் குடிபெயர்ந்து வேறொரு பள்ளத்தாக்கை நாடுவதற்கு மனிதனுக்குக் கால்கள் உண்டு. இதனை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்னொரு குறையையும் மறைத்தலாகாது. ஜ்வாலாபுரத்திலோ தாபாவிலோ அக்கருவிகளைச் செய்தவர் எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் நம் இனத்தவரே என்று பெட்ராலியா குழுவினர் கருத, நம் இனத்தார் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது தோபாவுக்குப் பின்னரே என்று வேறு சிலர் வாதிக்கின்றனர். ஒரு மண்டையோடு கிடைத்தாலும் இவ்வழக்கு பெருமளவு தீர்ந்துவிடும். அது கிடைக்குமுன் சாம்பலும், அதன் கீழுள்ள மண்ணும் பொடி வாணிகத்துக்குப் போய்விடலாகாதே என்பதுதான் நம் கவலை. இதில் ஒரு விந்தையும் உண்டு. சாம்பலை வெட்டிய குழிகளே அடுக்குகளைத் திறந்து காட்டி ஆராய்ச்சிக்கு உதவின. வெட்டியவர்களும் வயிற்றுப்பாட்டுக்கே வெட்டினர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

நம் புணே மாவட்டத்திலேயே இத்தகைய சாம்பல் உண்டு. நாசிக் சாலையில் நாராயண்காவ் ஊருக்கு அருகில், குக்கடி ஆற்றங்கரையில் போரி என்னும் சிற்றூர். அங்கே பழைய கைக்கோடரிகளோடு சாம்பற் படிவும் இருக்கிறது. முதலில் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு என்று வயது கணித்தனர். பின்பு சிலர் 74,000 ஆண்டுத் தோபாவே என்றனர். வேறு சிலர் தோபாவின் பழைய வெடிப்பொன்று, ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டு என்றனர். கைக்கோடரி செய்தோர் தக்காணத்தில் வாழ்ந்த காலம் பல லட்சம் ஆண்டு முன்பின்னாக மாறுவது இந்த ஒரு விடையைப் பொறுத்ததே. டெக்கான் கல்லூரி அறிஞர்கள் நெடுங்காலம் இதில் உழைத்துள்ளனர். குடும்பத்தோடு போரிக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் மழை ஓய்ந்தபின், கார்த்திகைக்கு மேல் செல்வது நலம். பிள்ளைகள் படிவைக் கண்ணாற் காணட்டும். கிள்ளி எடுத்துவர வேண்டா. இடம் பெயர்ந்த சாம்பலால் ஆராய்ச்சியாளருக்குப் பயனில்லை.